விதி என்று சொல்வதற்கு முன்



இரத்மலானை என்றதும் கொழும்பில் வாழ்வோர் பலருக்கு விமான நிலையமும், புகையிரதப் பணிமனையும், காலி வீதியின் இருமருங்குமுள்ள தொழிற்சாலைகளுமே நினைவுக்கு வரும். தமிழ் மக்களுக்கு வேறிரண்டு நினைவுகளும் உண்டு. ஒன்று திருநந்தீசுவரம். மற்றொன்று கொழும்பு இந்துக் கல்லூரி. 1983 ஜூலையில் அக்கல்லூரியின் வகுப்பறைகள் அகதிகளின் உறைவிடமாயின. விமான நிலையத்துக் கொட்டகையிலும் உடுத்த உடையோடு ஓடிவந்த குடும்பங்கள் படுத்திருந்தன. அதன் பின் நீண்ட போர்க்காலத்திலே, வடக்கிலிருந்து காயப்பட்டோரையும் இறந்தோரையும் ஏற்றிவந்த விமானங்கள் இறங்கியதும் அதே நிலையத்தில்தான். அழுகை மொழி மாறி மாறிக் கேட்ட ஊர் இது.

துவக்கினால் விளைந்த துயரைப்பற்றியும், அத்துயரின்முன் கடவுள் நம்பிக்கை என்ன செய்கிறது என்பதைப்பற்றியும் இன்று பேச எண்ணுகின்றேன். இதனை ஓர் ஆராய்ச்சியாளன் என்ற நிலையில் நின்று பேசவில்லை. ஒருமுறை பிழையாகப் பேசிவிட்டவன் என்ற நிலையிலேயே பேசுகின்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மாலை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவன் இருபத்துநான்கு வயது இளைஞன். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலே சுடப்பட்டான். சுட்டவர் யார், எதற்காகச் சுட்டனர் என்பது அன்று தெரியாது, பின்னரும் தெளிவாகவில்லை. தாயார் கூடத்தின் மூலையில் இருந்தார். அழவில்லை. செத்தவீட்டில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "எல்லாம் விதி, அம்மா." அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "தம்பி, விதியெண்டு சொல்லாதையுங்கோ. விதி துவக்குப் பிடிக்குமோ?" என்றார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. சைவ சித்தாந்த வகுப்புக்களிலே பல ஆண்டுகள் இருந்து படித்தவன் நான். வினைக்கொள்கையை மேடைகளிலே விளக்கியுமிருக்கின்றேன். ஆயினும் அந்தக் கேள்விக்கு முன்னால் ஊமையாகி, ஒரு தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்று பட்ட வெட்கமே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

முதுமையால் வரும் சாவுக்கும் நோயால் வரும் சாவுக்கும் நம் முன்னோர் ஒழுங்கொன்றை வகுத்துவைத்தனர். உடலை எண்ணெயும் அரப்பும் வைத்து நீராட்டுகின்றோம். திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கின்றோம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவருகின்றனர். வாய்க்கரிசி இடுகின்றோம். மூத்த மகனோ இளைய மகனோ கொள்ளி வைக்கின்றான். ஒவ்வொன்றும் துயரத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. கைகளுக்கு வேலை இருக்கும்போது நெஞ்சு சிறிது தாங்குகிறது. இது நான் பல வீடுகளிலே கண்டது.

துவக்கினால் வரும் சாவு இந்த ஒழுங்கு முழுவதையும் குலைத்துவிடுகிறது. உடல் முதலிலே குடும்பத்துக்கு உரியதன்று. மரண விசாரணைக்கு உரியது. சட்ட வைத்திய அதிகாரி அறுத்துப் பார்க்க வேண்டும். பொலிசார் வாக்குமூலம் பெற வேண்டும். பின்பு தைத்துக் கட்டிய உடலைப் பெட்டியிலே தருவார்கள். சிலவேளை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்வார்கள். வெளியே இறந்தவரின் உடலை வீட்டுக்குள் எடுக்கலாகாது என்று சொல்லும் பெரியவர்களும் அந்நேரம் பார்த்துத் தோன்றுவார்கள். அந்த இளைஞனுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை ஏது? மகன் தந்தைக்கு வைக்க வேண்டிய கொள்ளியைத் தந்தை மகனுக்கு வைத்தார். இஸ்லாமிய சமயத்தவரின் நிலை இன்னும் கடினம். இறந்தவரை இயன்ற விரைவில் நல்லடக்கம் செய்தல் அவர்கள் கடன். விசாரணையோ விரைவை அறியாதது.

எங்கள் ஊருக்கு அயலில் நடந்த ஒரு சாவை நாடு முழுவதும் அறியும். 2009 ஜனவரி 8ஆம் நாட் காலை, சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அவர்கள் அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது அத்திடிய வீதியில் மோட்டார்ச் சைக்கிள்களில் வந்தவர்களால் தாக்கப்பட்டார். களுபோவில மருத்துவமனையிலே உயிர் பிரிந்தது. துப்பாக்கிச் சூடு என்றே நாடு அன்று எண்ணியது. பின்பு, அந்தக் காயம் எந்த ஆயுதத்தால் உண்டாயிற்று என்பதே வழக்கின் வினாவாகியது. 2016 செப்டெம்பரிலே பொரளைக் கனத்தையில் அவர் புதைகுழி திறக்கப்பட்டு, உடல் மறுபடியும் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அடக்க ஆராதனை முடிந்து, செபித்து, மண்ணிட்டு ஏழு ஆண்டுகளின் பின்பு! பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் ஒருவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. "அமைதியில் இளைப்பாறுக" என்று கல்லறைகளிலே பொறிக்கிறோம். கொலையுண்டோர்க்கு அந்த இளைப்பாறலும் நீதிமன்றத்தின் தயவிலேதான் இருக்கிறது.

இனிக் கொச்சிக்கடைக்கு வருவோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரம் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். 1857இல் பொன்னம்பல முதலியார் தொடங்கிய கோயில். அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரையில் அதனைக் கருங்கல்லாலேயே மீளக் கட்டுவித்தார். கோடை வெயிலில் வெளியே காலி முகமே கொதிக்கும்போதும், அந்தக் கல்மண்டபத்துக்குள் கால் வைத்தால் குளிரும். 2008ஆம் ஆண்டின் முதல் நாட் காலை, அந்த மண்டபத்திலே பாராளுமன்ற உறுப்பினர் தியாகராசா மகேசுவரன் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தாண்டு வழிபாட்டுக்காக வந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்து சமய அலுவல்களுக்கு அமைச்சராகவே இருந்தவர். மெய்ப்பாதுகாவலர் ஒருவரும் இறந்தார்; வழிபட வந்த வேறு பலர் காயமுற்றனர். 2012இல் மேல் நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது.

அவருடைய அரசியலைப்பற்றி இங்கே பேசப் புகவில்லை. அன்று அதே மண்டபத்தில், ஒரு கையிலே அருச்சனைத் தட்டும் மறு கையிலே பிள்ளையின் விரலுமாக நின்றவர்களைப்பற்றியே எண்ணுகின்றேன். வெடியோசை கேட்டது; குருதி கல்லிலே வழிந்தது; அவர்கள் ஓடினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வந்தவர் எந்த முகத்தோடு மூலத்தானத்தைப் பார்த்தார்? "உன் கண் முன்னால் நடந்ததே, ஏன் பேசாதிருந்தாய்?" என்று கேட்காமல் ஒருவர் கும்பிட்டிருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கின்றேன். அப்படிக் கேட்டதனால் அவருடைய பத்தி குறைந்துபோயிற்று என்றும் நான் கருதவில்லை. கேள்வி கேட்பதற்காகவேனும் ஒருவர் மீண்டும் வந்து நிற்கிறார் என்றால், அவர் இன்னும் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதுதானே பொருள்?

கோயிலினுள்ளே குருதி சிந்தினால், அப்படியே மறுநாட் பூசையைத் தொடர ஆகமம் இடந்தராது. சுத்தி செய்ய வேண்டும். புண்ணியாகவாசனம் செய்ய வேண்டும். பிராயச்சித்தம் செய்ய வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வாறே விதிக்கிறது. புனித இடத்திலே கொடுஞ்செயல் நிகழ்ந்து அதன் புனிதம் கெட்டால், தவ வழிபாட்டால் அக்கேடு நீக்கப்படும்வரை அங்கே வழிபாடு நடத்தலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்புக் கூறுகிறது. இவ்விரு விதிகளையும் வெறுந் தீட்டுக் கழிக்கும் சடங்கென்று முன்பு நான் எண்ணியதுண்டு. இன்று வேறுவிதமாகத் தோன்றுகிறது. "இங்கே நடந்தது இயல்பான காரியம் அன்று, நடக்கக்கூடாத ஒன்று நடந்தது" என்று கோயிலே வாய்திறந்து ஒப்புக்கொள்கிறது. தெய்வ சித்தம் என்று சொல்லி மூடிவிடவில்லை. பிராயச்சித்தம் என்ற சொல்லுக்கே குற்றம் ஒன்று நிகழ்ந்தது என்பது அடிப்படை.

பொன்னம்பலவாணேசுவரத்துக்குச் சற்றுத் தூரத்திலே புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளிலே சைவரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு நிற்கும் இடம். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே வெடித்தது துவக்கு அன்று, குண்டு. ஆயினும் துயரத்துக்கு இரண்டும் ஒன்றே. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் திருத்தலம் மீண்டும் அருச்சிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ஒரே சுற்றுவட்டத்தில், பதினோராண்டு இடைவெளியில், இரு சமயத்தவர் தங்கள் தங்கள் வழிபாட்டிடத்திலே குருதி கழுவினார்கள்.

இவை கொழும்பில் மட்டும் நடந்தவை அல்ல. இலங்கையின் நான்கு சமயங்களுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 1985 மே 14இல் அநுராதபுரத்தில், சிறி மகாபோதியில் வழிபட்டு நின்ற பௌத்தர்கள் மீது சூடு நடந்தது. நகரத்திலும் போதி வளவிலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1987 ஜூன் 2இல் அரந்தலாவையிலே இளம் பிக்குகள் சென்ற பேருந்து நிறுத்தப்பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட பிக்குகள் இறந்தனர். 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் முதுகிலே சுடப்பட்டார்கள். அங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். இம்மூன்றையும் செய்தவர்கள் தமிழ் இயக்கத்தவர். இதனைத் தமிழ் வானொலியில், தமிழிலே சொல்லக் கூசுதல் கூடாது. காத்தான்குடியிலே சுட்டவர்கள் பேசியதும் தமிழ். தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேச இருந்தவர்களின் மொழியும் தமிழ்.

1987 நவம்பர் 10இல் புத்தளையிலே, பௌத்த விவசாயிகளிடையே அவர்களிலொருவராய் வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் திருப்பலி ஒப்புக்கொடுத்து முடியுந் தறுவாயிற் சுடப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியிலே, மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் நற்கருணை பெற்றுத் தம் இருக்கைக்குத் திரும்பியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியாரும் படுகாயமுற்றார். அவ்வழக்கில் எதிரிகளாக நிறுத்தப்பட்ட ஐவரும் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர்.

கொச்சிக்கடையிலே கல்லைக் கழுவினார்கள். காத்தான்குடியிலோ, பள்ளிவாசற் சுவரிலே சன்னங்கள் துளைத்த குழிகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒன்று துடைக்கிறது, ஒன்று வைத்திருக்கிறது. எது சரி என்று வெளியே நிற்பவர் தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் மறுபடி தொழுகை நடக்கிறது. சுவரிலுள்ள குழியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நெற்றியை நிலத்தில் வைக்கிறார் என்றால், அவர் மறக்காமலேயே தொழுகிறார்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்குத் திரும்புகின்றேன். விதி துவக்குப் பிடிக்குமோ?

நம் சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கும். முற்பிறவிகளிலே ஈட்டி, இன்னும் பயன் தராது கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிப்பதற்கு வந்தது பிராரத்துவம். இப்பிறவியிலே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். செத்தவீட்டிலே விதி என்று சொல்பவர்கள், இறந்தவருடைய பிராரத்துவத்தை மட்டும் பேசுகிறார்கள். சுட்டவனுடைய ஆகாமியத்தைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கொள்கையிற் பாதியைச் சொல்லி மற்றப் பாதியை விழுங்கிவிடுகிறோம். வினைக்கொள்கையை முழுமையாக நம்புபவர், ஒருவன் விசையை அழுத்தியபோது அது அவன் தன் விருப்பத்தாற் செய்த புதிய வினை, அதற்கு அவன் பொறுப்பாளி என்று சொல்லியே ஆகவேண்டும். அதைச் சொல்லாத விதிப்பேச்சு, ஆறுதல் என்ற பெயரில் கொலைகாரனுக்கு ஒளிப்பிடம் கொடுக்கிறது. இந்த நாட்டிலே துவக்குக்காரரைக் காட்டிக்கொடுக்க எல்லாரும் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் விதி என்ற சொல் மிகவும் வசதியாக இருந்தது. நானும் அந்த வசதியைத்தான் அன்று எடுத்துக்கொண்டேன் போலும்.

இன்னொன்றும் உண்டு. கொள்கை உண்மையாகவே இருந்தாலும், அதனை யார், எவரிடம், எப்போது சொல்வது? விவிலியத்திலே யோபுவின் கதையை நேயர்கள் அறிந்திருக்கலாம். பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் இருந்தவனிடம் நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாள் பேசாமல் அவனோடு நிலத்தில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரி. எட்டாவது நாள் வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினர், அங்கே பிழைத்தனர். கதையின் முடிவிலே இறைவன் கோபித்தது கேள்வி கேட்ட யோபுவை அன்று. விளக்கஞ் சொன்ன நண்பர்களையே.

பௌத்தரிடையே வழங்கும் கிசா கோதமியின் கதையும் இவ்வகையது. இறந்த குழந்தையோடு வந்த தாயிடம் புத்தர் பெருமான் நிலையாமையை உபதேசிக்கத் தொடங்கவில்லை. சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரும்படி அனுப்பினார். அவள் வீடுவீடாக நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டின் சாவைக் கேட்டாள். உபதேசம் பின்பு வந்தது. முதலிலே அவளை மற்றையோரின் துயரத்துக்குள் நடக்கவிட்டார். நம் நாட்டிலே ஓர் ஊரிலாவது, துவக்கால் ஒருவர் சாகாத வீட்டிலிருந்துதான் கடுகு வேண்டும் என்று யாரும் கேட்டால் வன்னியிலும் கிழக்கிலும் தெற்கிலும் அந்தத் தாய் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். தெற்கையும் சேர்த்தே சொன்னேன். 1971இலும் 1987 தொடக்கம் 1989 வரையிலும் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டதை நம்மவர் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

விதிக்கு அடுத்தபடியாக, மன்னிப்பு என்ற சொல்லும் செத்தவீட்டிலே அவசரப்பட்டு நுழைந்துவிடுகிறது. 1959 செப்டெம்பர் 25இல், பிரதம மந்திரி பண்டாரநாயக்க அவர்கள் றொஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்திலே, சீவர ஆடை தரித்து வந்த ஒருவராற் சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். மருத்துவமனையிலிருந்து அவர் நாட்டு மக்களுக்கு விடுத்த செய்தியிலே, தம்மைச் சுட்டவர்மீது பழிவாங்க வேண்டாம், இரக்கங் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வயிற்றிலே சன்னத்தைத் தாங்கியவர் சொன்ன சொல் அது. ஆதலால் அதற்கு எடை உண்டு. அவர் அரசு நிறுத்திவைத்திருந்த மரண தண்டனை அவருடைய கொலைக்குப் பின்பு மீண்டும் கொண்டுவரப்பட்டது. சுட்டவரான சோமாராம 1962 ஜூலை 6இல் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். அதற்குமுன் அவர் கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றார் என்பதும் வரலாறு. எந்த ஆடையோடு சுட்டாரோ அந்த ஆடையின் சமயத்தை எதிர்கொள்ள அவருக்கு முகமில்லாமற் போயிற்றோ, வேறு காரணமோ, யார் அறிவார்?

அமெரிக்காவிலே சாள்ஸ்டன் நகரில் 2015 ஜூன் 17இல், கறுப்பின மக்களின் தேவாலயமொன்றில் விவிலிய வகுப்புக்கு வந்தமர்ந்த ஓர் இளைஞன், தன்னை வரவேற்று இடங்கொடுத்தவர்களில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாட்களின் பின், நீதிமன்றத்திலே, இறந்தோரின் உறவினர் சிலர் அவனை நோக்கி மன்னித்தோம் என்றனர். உலகம் வியந்தது. ஆனால் தம் நெஞ்சில் இன்னும் கோபமே நிறைந்திருப்பதாகச் சொன்னவரும் அதே வரிசையிலே நின்றார். 2019 மார்ச் 15இல் நியூசீலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரப் பள்ளிவாசல்கள் இரண்டிலே 51 பேர் கொல்லப்பட்டபோதும் அப்படியே. மனைவியை இழந்த ஒருவர் மன்னித்தேன் என்றார். அடுத்த ஆண்டு தீர்ப்பு நாளிலே, மன்னிக்க மாட்டேன் என்று கொலைகாரனின் முகத்தை நோக்கிச் சொன்னவர்களும் இருந்தனர். இவர்களுள் முன்னவர் பத்தி மிக்கவர், பின்னவர் பத்தி குறைந்தவர் என்று அளப்பதற்கு நமக்கு எந்தக் கோலும் தரப்படவில்லை. மன்னிப்பு, இழந்தவர் கொடுத்தாற் கொடை. பக்கத்து வீட்டார் கேட்டால் அது வரி.

அதுவும், உண்மை வெளிவராத நாட்டிலே யாரை மன்னிப்பது? 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையிலே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்றே முதலிற் சொல்லப்பட்டது. அவர்களின் உடல்களிலே துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அவர்களுள் ஒருவரின் தந்தையாரான வைத்தியர், மகனுக்காகச் சாட்சி சொன்னமையால் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. எதிரிகளாக்கப்பட்ட பாதுகாப்புப் படையினர் போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அந்தத் தந்தையிடம் போய் மன்னித்துவிடுங்கள் என்று சொல்பவர், முதலில் யாரை என்று பெயர் சொல்லட்டும்.

போர் முடிந்தது 2009இல். துவக்கு ஓயவில்லை. இப்போது பாதாளக் குழுக்களின் கையிலே இருக்கிறது. 2025 பெப்ரவரி 19இல், புதுக்கடை நீதிமன்றத்திலே எதிரிக் கூண்டில் நின்ற ஒருவரை, வழக்கறிஞர் போல உடையணிந்து வந்தவன் சுட்டுக் கொன்றான். துவக்கைச் சட்டப் புத்தகமொன்றின் உள்ளே குடைந்து வைத்துக் கொண்டுவந்தார்கள். கோயிலிலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் வெடித்தது, நீதி மண்டபத்திலும் வெடித்தாயிற்று. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இத்தகைய சாவுகள் இன்று புதினமல்ல. அவற்றைக் கேட்டதும் "அவனும் அப்படிப்பட்டவன்தானே" என்று சொல்லிச் செய்தித்தாளை மடிக்கிறோம். அப்படிப்பட்டவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். அவள் வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்கப் போகமாட்டார்கள். போனால் பொலிசார் பெயர் எழுதுவார்கள் என்ற அச்சம். பூசகரை அழைக்கவும் தயக்கம். துயரங்களிலே மிகவுந் தனிமையானது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

துக்கம் விசாரித்தல் என்று நம் மொழி சொல்லுகிறதே, அந்த வழக்கை எண்ணிப் பார்க்கின்றேன். விசாரித்தல் என்றால் கேட்டல். துக்கத்துக்கு விளக்கஞ் சொல்லுதல் அன்று. எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று வந்தவர் ஒவ்வொருவரும் கேட்க, வீட்டார் அதையே நூறு முறை சொல்லுவார்கள். அந்நியர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் நூறு முறை சொல்லும்போது, சொல்லமுடியாதது மெல்ல மெல்லச் சொல்லக்கூடியதாகிறது. இறந்த வீட்டிலே அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலார் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும் இவ்வகையதே. முஃத்தா என்ற போரிலே ஜஃபர் அவர்கள் இறந்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று நபிகள் நாயகம் அவர்கள் பணித்ததை முஸ்லிம் நண்பர்கள் இன்றுங் கடைப்பிடிக்கின்றனர். எல்லாச் சமயமும் இந்த இடத்திலே ஒரே சோற்றுப் பானையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது.

அந்தத் தாயாரைப் பின்பு பல ஆண்டுகள் கண்டு வந்தேன். மகனுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போனேன். அன்று விளக்கம் ஒன்றுஞ் சொல்லவில்லை. வாழையிலை நறுக்கிக் கொடுத்தேன். அவர் கோயிலை விட்டுவிடுவார் என்றே எண்ணியிருந்தேன். விடவில்லை. வெள்ளிதோறும் திருநந்தீசுவரத்துக்கு வந்தார். அருச்சனை செய்விப்பதில்லை. விளக்கு ஒன்றை ஏற்றிவிட்டு, தூணிலே சாய்ந்து நின்று, நெடுநேரம் மூலத்தானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் துணிந்து கேட்டேன். "அம்மா, என்ன கும்பிடுகிறீர்கள்?" "கும்பிடேல்லைத் தம்பி. கேக்கிறன்," என்றார்.

வழக்குத் தவணைகளுக்கும் அவர் தவறாமற் போய்வந்தார். கல்கிசை நீதிமன்றத்துக்குப் போகும் காலையிலே முதலிற் கோயில், பின்புதான் பேருந்து. கணவர் இறந்த பின்பும் தனியே போனார். தவணைத் துண்டுகளையும் திருநீற்றுச் சரையையும் ஒரே தகரப் பெட்டியிலே வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் மங்கியபோது, நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதமொன்றை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது சிங்களத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வாசித்து, வழக்கு மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த தவணை ஆவணி மாதம் என்று சொன்னேன்.

"ஆவணியோ?" என்று சிறிது யோசித்தார். "அப்ப திருவிழா முடிஞ்சிடும். போகலாம்," என்று சொல்லிக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.